பிரித்து விற்பதா, சேர்த்து வைப்பதா?

"முழுவதையும் ஒன்றாகத் தந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு டொலர் வரும். பிரித்துப் போட்டால் ஐயாயிரத்தைத் தாண்டலாம். யோசித்துச் சொல்லுங்கள்."

மதிப்பீட்டுக்கு வந்த ஏலக் கம்பனிக்காரர் இவ்வளவுதான் சொன்னார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், கார்ட்டை மேசையில் வைத்தார், போய்விட்டார். அவர் போனபிறகு அந்தக் குசினி மேசையைச் சுற்றி இருந்த நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் பெட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடம் மெல்பேர்ண், கிளென் வேவர்லி. பெட்டிகள் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவருடையவை. ஊரில் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். எல்லாருக்கும் அவர் 'போஸ்ட்மாஸ்டர் மாமா'. அவரின் அந்தியேட்டி முடிந்து மூன்று மாதம். மகன் மெல்பேர்ணில், மகள் சிட்னியில். நான் கொஞ்சம் முத்திரை, நாணயம் சேர்க்கிறவன் என்பதால், "அண்ணை, நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ" என்று மகள் என்னையும் சிட்னியில் இருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தா.

முதல் பெட்டியில் இலங்கை முத்திரைகள். விக்டோரியா மகாராணி காலத்தில் இருந்து, 1972இல் 'சிலோன்' என்ற பெயர் போகும் வரைக்கும். இரண்டாவதில் அவுஸ்திரேலியப் பழைய பென்னி நாணயங்கள். இங்கே வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியவை. மூன்றாவது பெட்டியில் வெறும் கடித உறைகள். 1988இல் அவர் இங்கே வந்த நாளில் இருந்து ஊரில் இருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தின் உறையும், திகதி வாரியாக, நாலு தடித்த அல்பங்களில்.

பிரச்சினை அந்த மூன்றாவது பெட்டியில்தான் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பங்கு இறைச்சியும் ஏலமும்

ஊரில் பங்கு இறைச்சி போடுவது ஞாபகம் இருக்கும். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கும். வெட்டியபிறகு ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் நல்ல தசை இருக்கும். யாருக்கும் மனக்குறை இராது. முழு ஆட்டையும் தின்ற மாதிரித்தான்.

ஏலம் அப்படிப் பங்கு போடுவதில்லை. நல்ல துண்டைத் தனியாக எடுத்து முன்னுக்கு வைக்கும். எலும்பும் சவ்வும் கடைசியில் ஒரே பெட்டியில் போகும்.

அது ஏலக்காரரின் கெட்ட குணம் இல்லை, கணக்கு அப்படி. விற்கிறவரிடம் ஒரு வீதம் கழிவு எடுப்பார்கள். வாங்குகிறவரும் சுத்தியல் விழுந்த விலைக்கு மேலே ஒரு வீதம் கட்டவேண்டும். ஒவ்வொரு லொட்டுக்கும் படம் எடுக்க வேண்டும், விபரம் எழுத வேண்டும், கட்டலொக்கில் இடம் கொடுக்க வேண்டும். ஐந்து டொலர் முத்திரைக்கும் ஐந்நூறு டொலர் முத்திரைக்கும் அந்த வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே இருபது நல்லதைப் பிரித்து எடுத்து, மிச்சத்தை ஒரு பெட்டியாகக் கட்டுவதுதான் அவர்களுக்கு லாபம். பெரும்பாலும் விற்கிறவருக்கும் அதுதான் லாபம்.

ஏன் என்று கேட்டால், முழுசாக வாங்கக் காசும் ஆசையும் உள்ள ஆட்கள் குறைவு. ஒரு துண்டு குறைகிற ஆட்கள் நிறைய. அந்த ஒரு துண்டுக்காக இரண்டு பேர் போட்டி போட்டாலே விலை ஏறிவிடும். முழுச் சேகரிப்பை ஏலத்தில் போட்டால் கையை உயர்த்துகிறவர் அநேகமாக ஒரு வியாபாரி. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து விற்பார். அதாவது, நாங்கள் பிரிக்காமல் விட்டாலும் அது பிரியத்தான் போகிறது. பிரித்த லாபம் மட்டும் எங்களுக்கு இல்லை.

காணி விற்பனையில் இங்கே வேறொரு வழக்கமும் உண்டு. நாட்டுப்புறப் பெரிய பண்ணைகளை 'முழுசாகவோ தனித்தனிக் காணியாகவோ' என்று சொல்லி ஏலத்துக்கு விடுவார்கள். எந்த வழியில் கூடக் காசு வருகிறதோ அந்த வழியில் கொடுப்பார்கள். சேகரிப்புப் பொருள்களுக்கும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சின்னச் சேகரிப்புக்கு இந்தக் கரைச்சல் எடுக்க எந்த ஏலக்காரரும் லேசில் சம்மதிக்க மாட்டார்.

ஒரு ஓட்டை மட்டும் வெறுமை

மாமாவின் பென்னி அல்பத்தில் 1911 முதல் 1964 வரைக்கும் பென்னி வெளிவந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு குழி. அவுஸ்திரேலியா 1966 பெப்ரவரி 14ஆம் திகதி டொலருக்கு மாறுவதற்கு முந்தின காலத்துக் காசு. எல்லாக் குழியும் நிறைந்திருந்தது. 1930 என்று எழுதிய குழி மட்டும் வெறுமை.

இங்கே காசு சேர்க்கிற யாரையும் கேளுங்கள், 1930 பென்னி என்றால் கண் விரியும். மெல்பேர்ண் நாணயசாலையில் அந்த வருடம் சுமார் 1,500 தான் அடிக்கப்பட்டிருக்கும் என்பது பொதுவான கணிப்பு. பொருளாதார மந்தகாலம், புதுக் காசுக்குத் தேவை இருக்கவில்லை. இன்றைக்கு நன்றாகத் தேய்ந்த ஒன்றே பல ஆயிரம் டொலர்.

இந்த ஒரு குழியில் முழுக் கேள்வியும் இருக்கிறது. 1930 இருக்கிற அல்பத்தை யாரும் முழுசாக விற்கமாட்டார்கள். அந்த ஒரு காசைத் தனியாக எடுத்துவிடுவார்கள், மிச்சம் ஐம்பது சொச்சமும் அதற்குப் பக்கத்தில் சில்லறை. 1930 இல்லாத அல்பத்தைத்தான் அப்படியே விற்பார்கள். அதாவது, குறை இருக்கிற செட் ஒன்றாக இருக்கும். நிறைவான செட் உடையும். சந்தையின் விசித்திரம் இது.

வரிக் கந்தோரும் இந்தச் 'செட்' விஷயத்தை யோசித்து வைத்திருக்கிறது. சேகரிப்புப் பொருள் ஒன்றை 500 டொலர் அல்லது அதற்குக் குறைவாக வாங்கியிருந்தால், விற்கும்போது மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் வழக்கமாகச் செட்டாக விற்கப்படுகிறதைத் துண்டு துண்டாக விற்றால், முழுச் செட்டையும் 500 டொலருக்குள் வாங்கியிருந்தால் மட்டும்தான் அந்தச் சலுகை. 1995 டிசம்பர் 16ஆம் திகதியில் இருந்து வாங்கியவற்றுக்கு இந்த விதி. பரம்பரையாக வந்த பொருளுக்குக் கணக்கு வேறு, உங்கள் கணக்காளரைக் கேளுங்கள்.

பிரிந்தவையும் பிரியாதவையும்

முத்திரை உலகத்தில் இரண்டு பெரிய பெயர்கள். ஒன்று தோமஸ் தப்லிங். இங்கிலாந்துக்காரர், 1891இல் இறந்தவர். தன் சேகரிப்பை பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். இன்றைக்கும் அது லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் ஒன்றாக இருக்கிறது. மற்றவர் பிலிப் வொன் ஃபெராரி. உலகத்தில் அதுவரை யாரும் சேர்க்காத அளவு சேர்த்தவர். அவரும் பெர்லின் தபால் அருங்காட்சியகத்துக்கு எழுதித்தான் வைத்தார். ஆனால் 1917இல், உலகப்போரின் நடுவில் இறந்தார். பாரிசில் இருந்த சேகரிப்பை எதிரிச் சொத்து என்று பிரெஞ்சு அரசு எடுத்தது. 1921இல் தொடங்கி வருடக்கணக்காக ஏலம் போட்டுத் தீர்த்தது. பிரித்தானிய கயானாவின் அந்தப் புகழ்பெற்ற ஒரு சத முத்திரை 1922இல் அங்கேதான் ஒரு அமெரிக்கரிடம் போனது. இருவரும் உயில் எழுதினார்கள். ஒருவரின் உயில் மட்டும் நடந்தது.

சிட்னியில் இருப்பவர்கள் மக்குவாரி வீதியால் போகும்போது மிச்செல் நூலகத்தைப் பார்த்திருப்பீர்கள். டேவிட் ஸ்கொட் மிச்செல் என்ற ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள், வரைபடங்கள், படங்கள்தான் அதன் அத்திவாரம். 1907இல் இறந்தபோது சேகரிப்போடு 70,000 பவுணும் விட்டுப் போனார். அது தனியாக, தன் பெயரில், எல்லாரும் வந்து பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. 1910இல் நூலகம் திறந்தார்கள். சேகரிப்பைக் கொடுத்தவர் அதைப் பராமரிக்கக் காசும் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் ஆட்களிலும் உதாரணம் உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், சஞ்சிகை மட்டும் இல்லை, நாடக நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் குப்பையில் போடுகிறதையும் சேர்த்தவர். ஒரு இலட்சம் அளவில் பொருள்கள். 1992இல் இறந்தார். பழைய புத்தக வியாபாரிகளிடம் பிரித்துக் கொடுத்திருந்தால் முதல் பதிப்புகள் நல்ல விலைக்குப் போயிருக்கும், நோட்டீசுகள் அடுப்புக்குப் போயிருக்கும். 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் முழுவதையும் வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே வைத்து, 1996இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகத் திறந்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டின் பழைய நாடகத்தையோ பதிப்பையோ ஆராய்கிறவர் அந்த வாசற்படி ஏறாமல் இருக்க முடியாது. அந்த நோட்டீசில் ஒன்றைத் தனியாக எடுத்தால் அது ஒரு கடதாசி. நூறு இருந்தால் அது ஒரு காலத்தின் நாடகச் சரித்திரம்.

பிரிவின் கொடுமையைப் பார்க்க வேண்டுமானால் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோவிலை நினையுங்கள். அது ஏலம் இல்லை, பச்சைக் களவு. ஆனால் உடைத்து விற்கிற கணக்கு அதேதான். அங்கே களவுபோன நடராசரை 2008இல் கன்பராவில் உள்ள தேசிய கலைக்கூடம் ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அதே கோவிலின் அம்மனைச் சிங்கப்பூர் அருங்காட்சியகம் ஆறரை இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. ஒரே கோவில் சாமிகள் இரண்டு நாட்டில், இரண்டு விலையில். 2014இல் நடராசரும் 2015இல் அம்மனும் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். கன்பராவில் கண்ணாடிக்குள் நடராசரைப் பார்த்து நின்ற எங்களில் பலருக்கு, பக்கத்தில் அம்மன் இல்லையே என்று அப்போது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மகனின் நியாயம்

இதையெல்லாம் அன்றைக்கு அந்த மேசையில் நான் சொன்னேன். மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, அப்பா இந்த முத்திரையளை எங்க வாங்கினவர்? யாரோ செத்தவையின்ரை அல்பத்தை உடைச்சு வித்த ஆக்களிட்டத்தானே? அவை உடைக்காமல் விட்டிருந்தால் அப்பாவுக்கு ஒண்டும் கிடைச்சிருக்காது."

எனக்குப் பதில் இல்லை. உண்மைதான். ஒரு சேகரிப்பு உடைந்தால்தான் இன்னொன்று பிறக்கும். எல்லாரும் எழுதி எழுதி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால், பத்து வயதுப் பிள்ளை ஒன்று முதல் முத்திரையை எங்கே வாங்கும்? இன்னொன்றும் சொன்னார்: "நூலகத்துக்குக் குடுத்தால் வைப்பினமோ? நிலவறையிலை ஒரு பெட்டியா, ஆரும் திறக்காமல் கிடக்கும். இஞ்ச கராஜிலை கிடக்கிறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" அதுவும் பொய் இல்லை. பெரிய நூலகங்களுக்கு இடமும் ஆளும் குறைவு. மிச்செல் போல எழுபதாயிரம் பவுணோடு யாரும் போவதில்லை.

வீட்டுக்கடன் கட்டுகிற மனிதர், சகோதரியோடு சரிசமமாகப் பிரிக்க வேண்டும் என்று நினைக்கிறவர். முழு அல்பத்தைச் சரிபாதி பிரிக்க முடியாது, காசைப் பிரிக்கலாம். இதில் பேராசை எங்கே இருக்கிறது?

மூன்றாவது பெட்டி

அதற்குப் பிறகுதான் கடித உறைகளைத் திறந்தோம். ஏலக்காரர் அவற்றை முன்பக்கம் மட்டும் பார்த்திருந்தார். அவர் கணக்கில் பன்னிரண்டு உறைகளுக்கு, அரிதான தபாலக முத்திரை குத்தியிருப்பதால், ஆளுக்கு ஐம்பது டொலர் வரை போகும். மற்ற நானூறு சொச்சமும் ஒரு பெட்டியாக நூறு டொலர். வாங்குகிறவர் முத்திரையைத் தண்ணியில் ஊறவைத்துக் கழற்றிவிட்டு உறையை எறிந்துவிடுவார்.

நாங்கள் பின்பக்கத்தைப் பார்த்தோம். பெரும்பாலானவை மாமாவின் தங்கச்சி எழுதியவை. ஒரே கையெழுத்து. அனுப்புநர் விலாசம் மட்டும் மாறிக்கொண்டு போனது. கோப்பாய். கோப்பாய். கோப்பாய். பிறகு 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு சாவகச்சேரி. பிறகு கிளிநொச்சி. முன்பக்கத்தில் கொழும்புத் தபால் முத்திரை, ஏனென்றால் யாரோ பயணம் போன ஆளிடம் கையில் கொடுத்து அங்கே போடச் சொன்னது. பிறகு வவுனியா. பிறகு, 2002இல் பாதை திறந்தபிறகு, திரும்பக் கோப்பாய்.

இடையிடையே வெற்றுப் பக்கங்கள். ஒவ்வொரு வெற்றுப் பக்கத்தின் அடியிலும் மாமாவின் தபால் கந்தோர்க் கையெழுத்தில் மாதமும் வருடமும் எழுதி, 'கடிதம் இல்லை' என்று போட்டிருந்தார். 1990 ஜூலை, கடிதம் இல்லை. ஓகஸ்ட், கடிதம் இல்லை.

மகனின் பிள்ளை, பன்னிரண்டு வயது, தமிழ் வாசிக்க வராது. "இந்தப் பக்கத்திலை இருந்ததை ஆரும் எடுத்துப்போட்டினமோ?" என்று கேட்டாள். தகப்பன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "இல்லை. அப்ப மாமியிட்ட இருந்து ஒண்டும் வரேல்லை. அப்பப்பா ஒவ்வொரு நாளும் லெட்டர் பொக்ஸைத் திறந்து பாக்கிறவர்" என்றார். வெற்றுப் பக்கத்துக்கு எந்த ஏலத்திலும் லொட் இலக்கம் கிடையாது. அந்தப் பன்னிரண்டு உறைகளையும் எடுத்துவிட்டால், எந்தப் பக்கம் மாமா விட்ட வெறுமை, எந்தப் பக்கம் நாங்கள் செய்த வெறுமை என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கடைசியில் செய்தது

முத்திரைகளைப் பிரித்து விற்றோம். பதினொரு லொட்டும் ஒரு மிச்சப் பெட்டியும். கழிவு போக வந்த காசை அண்ணனும் தங்கச்சியும் பாதி பாதி எடுத்தார்கள். அந்த முத்திரைகள் உலகத்தில் வேறு அல்பங்களிலும் இருக்கின்றன, கட்டலொக்கிலும் இருக்கின்றன. அவை பிரிந்ததால் எந்தக் கதையும் அழியவில்லை. பென்னி அல்பம் விற்கவில்லை. 1930 இல்லாததால் பெரிய விலை வராது, அதைப் பேத்தி எடுத்துக்கொண்டாள்.

கடித உறைகள் நாலு அல்பமும் ஒன்றாக மகளிடம் சிட்னியில் இருக்கின்றன. பன்னிரண்டு உறைகளுக்கு வந்திருக்கக்கூடிய அறுநூறு டொலரையும் மிச்சப் பெட்டியின் நூறையும் இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். இப்போது முன்பக்கம், பின்பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் அதே வரிசையில் ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்கிறோம். 2005இல் தொடங்கி ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடு கதைக்கலாம் என்று யோசனை. ஒன்றும் முடிவாகவில்லை.

எனக்குப் பிடிபட்டது இதுதான். உங்கள் பொருளுக்கு வேறெங்காவது சோடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரித்து விற்கப் பயப்பட வேண்டாம், இன்னொருவரின் ஓட்டை நிரம்பும். அந்த வரிசையே வேறெங்கும் இல்லாதது என்றால், பிரிக்க முதல் நூறு தரம் யோசியுங்கள்.

இதைப் பெரிய ஞானி போலச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் என் தகப்பனார் விட்டுப்போன பழைய இலங்கைச் சில்லறைக் காசுகளை நானே ஒவ்வொன்றாக விற்றவன். ஒவ்வொரு காசையும் ஒரு சின்னக் கடதாசியில் சுற்றி, எங்கே யாரிடம் கிடைத்தது என்று எழுதி வைத்திருந்தார். காசு பளிச்சென்று தெரியட்டும் என்று அந்தக் கடதாசிகளை நான் எறிந்துவிட்டேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. விற்ற காசு என்ன ஆனது என்று ஞாபகம் இல்லை. கடதாசிகள் மட்டும் ஞாபகம் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே, அம்மா அப்பாவின் சாமான்களோடு இப்படி ஒரு மேசையில் இருக்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம். எதையும் இடம் மாற்ற முதல், இருக்கிற வரிசையில் படம் எடுங்கள். உறையில் இருந்து முத்திரையைக் கழற்ற வேண்டாம், பழைய காசைத் தேய்த்து மினுக்க வேண்டாம். மினுக்கினால் விலையும் போகும். ஒரு ஏலக்காரரோடு நிற்காமல் இரண்டு பேரிடம் கேளுங்கள். கழிவு எவ்வளவு, படத்துக்கும் காப்புறுதிக்கும் தனிக் காசா, விலை போகாவிட்டால் திருப்பி எடுக்கச் செலவு யாருடையது, இதற்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று ஒரு விலை எழுதலாமா என்று கையெழுத்து வைக்க முதலே கேளுங்கள். பெறுமதியான சேகரிப்பைப் பொது நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கிறதென்றால், அவுஸ்திரேலிய அரசின் கலாசார அன்பளிப்புத் திட்டத்தில் வரிச் சலுகை கிடைக்கக்கூடும், அதையும் விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆள் இருக்கும்போதே கேளுங்கள். போஸ்ட்மாஸ்டர் மாமாவிடம் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. 1990இல் அந்த வெற்றுப் பக்கங்களை எழுதும்போது என்ன நினைத்தார் என்று இனிக் கேட்கவும் முடியாது. உங்கள் அப்பாவின் கராஜிலும் ஒரு பெட்டி இருக்கும். இந்தச் சனிக்கிழமை போய், அவரையே திறக்கச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள்.